கற்பனை நாட்டின் சட்டத்தைக் கடைசித் தெருவிலிருந்து எழுதுவோம்

இளைஞர் முகாம்களில் நாங்கள் அடிக்கடி கொடுக்கும் ஒரு பயிற்சி உண்டு. "உங்களுக்கு ஒரு நாடு தருகிறோம். பெயர், கொடி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதற்கு 10 சட்டங்கள் எழுதித் தாருங்கள்." குழுக்குழுவாக உட்கார்ந்து எழுதுவார்கள். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: எங்கள் நாட்டில் எல்லோரும் சமம். இரண்டாவது வரி: சாதி ஒழிக்கப்பட்டது. வாசிக்கும்போது கைதட்டல் விழும். கைதட்டல் அடங்கியதும் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: மறுநாள் காலையில் உங்கள் நாட்டில் என்ன நடக்கும்?

அந்த இரண்டு வரிகளிலும் பிழை இல்லை. ஆனால் அவை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அரசமைப்பு அவை அதை ஏற்றுக்கொண்ட நாள் 1948 நவம்பர் 29. அதற்கு 74 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 26 அன்று, நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் முட்டுக்காடு ஊராட்சியில், வேங்கைவயல் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. மறுநாள் அங்கே போன மாவட்ட ஆட்சியர் முன்னால் வேறு இரண்டு விஷயங்களும் வெளிவந்தன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போக முடியாத நிலை. ஒழிந்துபோனதாக டெல்லியில் எழுதப்பட்ட ஒன்று, இறையூர் டீக்கடையில் குவளை வடிவத்தில் உயிரோடு இருந்தது.

சமம் என்று அறிவிப்பது சட்டத்தின் எளிய பாதி. கடினமான பாதி அதற்குப் பிறகு வருகிறது. புகார் கொடுத்தவர் மறுநாள் யார் வயலுக்கு வேலைக்குப் போவார்? எத்தனை நாளில் பதில் வரும்? வராவிட்டால் யார் தலையில் விழும்? இந்த இரண்டாம் பாதியை எழுதாத நாடு, கொடியில் எத்தனை வண்ணம் இருந்தாலும், பழைய ஊர்தான். நாம் கற்பனை செய்யும் நாட்டின் சட்டத்தைக் கடைசித் தெருவில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கற்பனை நமக்கு எதற்கு?

"தொட்டியில் மலம் கலக்கும் நாட்டில் இருந்துகொண்டு கற்பனை நாட்டுக்குச் சட்டம் எழுதுவது நேர விரயமில்லையா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் அரசியல் எப்போதுமே இல்லாத ஒரு நாட்டை மனதில் வைத்துத்தான் நடந்திருக்கிறது.

தோல் தொழில் செய்த சமூகத்தில் பிறந்த ரவிதாஸ், துயரமும் வரியும் இல்லாத, இரண்டாம் தரக் குடிமக்கள் என்று யாரும் இல்லாத பேகம்புரா என்ற நகரத்தைப் பாடினார். அயோத்திதாசப் பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதி, சாதிக்கு முந்தைய பௌத்த நாடு ஒன்றை நமக்குக் கடந்த காலமாகக் காட்டினார். பெரியார் 'இனிவரும் உலகம்' என்று எதிர்காலத்தை வரைந்தார். ஒருவர் பாட்டில் வைத்தார், ஒருவர் வரலாற்றில் வைத்தார், ஒருவர் வரப்போகும் அறிவியலில் வைத்தார். இருக்கும் ஊர் மட்டுமே சாத்தியமான ஊர் அல்ல என்பதை மூவரும் நமக்குச் சொன்னார்கள்.

நம் மாவட்டக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். புதுக்கோட்டை ஒரு காலத்தில் தனி சமஸ்தானம். ராஜா இருந்தார், அம்மன் காசு என்று சொந்த நாணயம் இருந்தது, 1924 முதல் ஒரு சட்டமன்றமும் இருந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த முயற்சியால் 1938இல் சென்னை மாகாணத்தில் சாதித் தடைகளை நீக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. சமஸ்தான எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த மாகாணச் சட்டம் செல்லாது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கொடி மாறியது, காசு மாறியது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த ஓடை மாறவில்லை. நாடு மாறினால் எல்லாம் மாறும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓடையைப் பார்க்க வேண்டும்.

1947இல் ஒருவர் எழுதிய நாடு

கற்பனை நாட்டுக்கு உண்மையாகவே பிரிவு பிரிவாகச் சட்டம் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். 1947 மார்ச்சில் அனைத்திந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்கு அவர் தயாரித்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையைக் கோரிக்கை மனு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அது மனு மட்டும் அல்ல. முகவுரையோடு தொடங்கி, பிரிவு, உட்பிரிவு என்று எழுதப்பட்ட முழு வரைவு. அந்த நாட்டுக்கு அவர் 'இந்திய ஐக்கிய நாடுகள்' என்று பெயரே வைத்துவிட்டார். அப்போது இந்தியா விடுதலை அடையவில்லை. அவர் வரைவுக் குழுத் தலைவரும் ஆகவில்லை. இல்லாத ஒரு நாட்டுக்குத்தான் அவர் எழுதினார்.

எழுதிய விதத்தைப் பாருங்கள். அடிப்படை உரிமைகளைச் சொன்னார். அங்கே நிற்கவில்லை. உரிமை மீறப்பட்டால் என்ன பரிகாரம் என்று தனிப் பகுதியே எழுதினார். அந்தப் பரிகாரங்களுக்குள் பொருளாதாரச் சுரண்டலிலிருந்து பாதுகாப்பு என்பதையும் வைத்தார். முக்கியத் தொழில்களும் காப்பீடும் அரசின் கையில் இருக்கும். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, அளவான பண்ணைகளாகப் பிரித்து, சாதி மத வேறுபாடு இல்லாமல் கிராமக் குடும்பங்களுக்குக் கூட்டாகப் பயிரிடக் கொடுக்கும். நிலப்பிரபு இருக்க மாட்டார், குத்தகைக்காரர் இருக்க மாட்டார், நிலமற்ற கூலியும் இருக்க மாட்டார். இவையெல்லாம் அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 10 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்.

சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கினார். 'புறக்கணிப்பு' என்று ஒரு சொல்லில் விட்டுவிடவில்லை. வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுப்பது, கூலிக்குச் செய்யும் வேலையை மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது, வழக்கமாக இருந்த உறவை முறிப்பது என்று எவையெல்லாம் அதில் அடங்கும் என விளக்கினார். தூண்டுவதும் மிரட்டுவதும்கூடக் குற்றம் என்றார். இதற்கான சொற்களை அவர் வானத்திலிருந்து எடுக்கவில்லை. பர்மாவில் 1922இல் வந்த புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து எடுத்து, நம் தேவைக்கு மாற்றிக்கொண்டார். எங்கோ ஓரிடத்தில் யாருக்காகவோ எழுதப்பட்ட சட்டத்தை நமக்கான கருவியாக்கத் தெரிந்தவர் அவர்.

கடைசியாக, குடியேற்றம். சேரி மக்கள் ஊரை நம்பிப் பிழைக்கும் வரை எந்த உரிமையும் காகிதத்தில்தான் இருக்கும் என்பது அவர் கணிப்பு. அதனால் பயிரிடப்படாத அரசு நிலங்களில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க ஒரு குடியேற்ற ஆணையம் கேட்டார். அதற்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று தொகையையும் எழுதினார். கனவுக்குள் வரவு செலவுக் கணக்கு எழுதியவர் அவர்.

எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்?

பின்னால் வந்த அரசமைப்பில் இதன் எளிய பாதி பெரும்பாலும் இடம்பெற்றது. கடினமான பாதியில் பலவும் இடம்பெறவில்லை. நிலத்தையும் தொழிலையும் அரசு எடுக்கும் திட்டம் வரவில்லை. செல்வமும் வளங்களும் பொதுநலனுக்காகப் பகிரப்பட வேண்டும் என்பது வழிகாட்டும் நெறிமுறைகளுக்குள் போனது. அந்த நெறிமுறைகளை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்று 37ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது.

தீண்டாமை ஒழிப்புக்கு என்ன ஆயிற்று? 17ஆவது பிரிவு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை குற்றம், சட்டப்படி தண்டிக்கப்படும் என்றது. நாடு முழுமைக்கும் தண்டனை சொல்லும் அந்தச் சட்டம் 1955 ஜூனில்தான் வந்தது. 5 ஆண்டுகளுக்கு மேல் நாடு தழுவிய தண்டனைச் சட்டம் இல்லாமலே ஒரு குற்றம் இருந்தது. 1955 சட்டத்தின் ஒரு மூலையில் புறக்கணிப்பு பற்றிப் பேச்சு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது அது தனிக் குற்றமாக இல்லை. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தெளிவான தனிக் குற்றமாக்கிய திருத்தம் 2016 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அண்ணல் எழுதிக் கொடுத்த ஓர் உட்பிரிவு அந்த இடத்துக்கு வந்து சேர 69 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கற்பனை நாடு எழுதுவது நேர விரயம் என்பவர்களுக்கு இதுவே பதில். எழுதி வைத்தது தாமதமாகவாவது வந்தது. எழுதாதது வரவே வராது.

நான்கு கேள்விகள்

இந்த வரைவைப் படித்துப் படித்து நாங்கள் நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். கற்பனை நாடோ உண்மை நாடோ, எந்தச் சட்டத்தையும் இவற்றால் அளந்து பார்க்கலாம்.

முதல் கேள்வி: எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்களுக்கு ஜனநாயகம் தெரியும் என்று மேடைகளில் சொல்கிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை நுணுக்கமான சட்டம்தான், மறுக்கவில்லை. 30 குடும்புகள், வயது 35க்கு மேல் 70க்குள், கணக்குக் காட்டாதவருக்குத் தகுதி இல்லை என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கூடவே இன்னும் சில வரிகள் உண்டு. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் பிராமணர் சபை. அந்த வயல்களில் வேலை செய்தவரின் பெயர் எந்தப் பானைக்குள்ளும் போகவில்லை. ஓலை எழுதும் முறை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்று முடிவு செய்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி: எத்தனை நாள்?

மகாடு சவுதார் குளத்தின் கதை எல்லோருக்கும் தெரியும், தேதிகளைத்தான் மறந்துவிடுகிறோம். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் 1923 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மகாடு நகராட்சி 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தலைமையில் மக்கள் போய் அள்ளிக் குடிக்கும் வரை அந்தத் தண்ணீர் திறக்கவில்லை. குடித்த பிறகு அடி விழுந்தது. குளத்துக்குச் சாதி இந்துக்கள் 'தீட்டுக் கழித்தார்கள்'. நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு நடந்து, பம்பாய் உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து எட்டாம் வகுப்புப் படித்திருக்கும்.

வேங்கைவயலுக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி விசாரணையை முடித்து 60 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இங்கே வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஒருநபர் ஆணையமும் அமைத்தது. குற்றப்பத்திரிகை வந்தது 2025 ஜனவரியில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதில் பட்டியல் சாதியைச் சேர்ந்த 3 பேர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. பிறகு வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு மாறியது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டன. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது நாட்கணக்கு. 60 நாளில் வந்திருந்தால் சாட்சியின் நினைவும், தடயமும், மக்களின் நம்பிக்கையும் ஓரளவு மிச்சமிருந்திருக்கும். இரண்டு ஆண்டு காத்திருந்த மக்களிடம் எந்த விடையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதன் மேல் சந்தேகம் படிந்தே இருக்கும். காலக்கெடு நீதியின் ஒரு பகுதி.

மூன்றாவது கேள்வி: செய்யாத அதிகாரிக்கு என்ன?

நம் சட்டத்தில் இதற்கும் பதில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்கு முன் நிர்வாக விசாரணை நடந்து பரிந்துரை வர வேண்டும். அதாவது, துறை தன்னைத் தானே விசாரித்துத் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்க வேண்டும். வேலிக்குக் காவல் வேலியேதான். களப்பணியில் இருப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும். புகாரை வாங்காமல் அலைக்கழிப்பது, பிரிவை மாற்றிப் போடுவது, எதிர்ப்புகார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு 'சமாதானமாகப் போங்கள்' என்பது எல்லாம் அன்றாட நடைமுறை. 4ஆவது பிரிவைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நான்காவது கேள்வி: புகார் கொடுத்த குடும்பம் நாளைக்கு எதைச் சாப்பிடும்?

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். நிலம் அவர்கள் கையில், கடை அவர்கள் கையில், டிராக்டர் அவர்கள் கையில் என்றால் உரிமையைப் பயன்படுத்தும் நாளே பட்டினியின் முதல் நாள். 2016 திருத்தத்துக்குப் பின் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகள் என்று தனி அத்தியாயம் இருக்கிறது. விசாரணைக்குப் போகும் நாளுக்குப் பயணப்படி, தினப்படி உண்டு என்று விதிகள் சொல்கின்றன. நல்லது, கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒரு நாள் படி ஓர் ஆண்டு வேலைமறுப்பை ஈடுகட்டாது. அண்ணல் 1947இல் நிலத்தைத் தொட்டதற்குக் காரணம் இதுதான்.

தொட்டிக்கும் வீட்டுக்கும் அளவுகோல்

சட்டம் ஒரு பக்கம் என்றால், அளவுகோல் இன்னொரு பக்கம். நாட்டை நடத்துவது பெரும்பாலும் அளவுகோல்கள்தான். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ-கோலி கிருமிகூடத் தென்படக் கூடாது. லிட்டருக்கு அளவு இருக்கிறது, கிருமிக்கு அளவு இருக்கிறது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று அரசுப் பணத்தில் கட்டலாமா என்பதற்கு அந்த அளவுகோல்களில் இடம் இல்லை. பொறியாளர் தாளில் அது வெறும் இரண்டு தொட்டி. ஊரில் அது யாருடைய தொட்டி என்று பார்த்தவுடன் தெரியும். ஒரு சாதி மட்டும் குடிக்கும் தொட்டி இருந்தால்தான் ஒரு சாதியின் தண்ணீரை மட்டும் கெடுக்க முடியும்.

தமிழ்நாடு அரசு ஒருமுறை புதிய ஊரையே வடிவமைத்துப் பார்த்திருக்கிறது. 1997இல் கலைஞர் அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். 100 வீடுகள்: பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீடுகள் கலந்திருக்கும், சுடுகாடு ஒன்றுதான். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. குடியிருப்பையே சாதி கலந்து வடிவமைக்கும் துணிச்சல் சிறியதல்ல, பாராட்டுவோம். ஆனால் நான்காவது கேள்வியை வைத்து அளந்து பாருங்கள். அளவுகோலில் வீடு இருந்தது, மனை இருந்தது. விளைநிலம் இல்லை. இரவில் சமத்துவபுரம், பகலில் அதே பழைய ஊரின் வயல். அண்ணல் கேட்ட குடியேற்றத்தில் நிலம் மையமாக இருந்தது. அவர் தனிக் கிராமம் கேட்டது பிரிந்து வாழும் ஆசையால் அல்ல, சார்ந்து வாழும் கட்டாயத்தை அறுப்பதற்காக. அவருடைய நிலமும் சமத்துவபுரத்தின் கலப்பும் ஒரே வரைவில் சேர்ந்த ஓர் ஊரை இன்னும் யாரும் கட்டவில்லை. அதைக் கற்பனை செய்யும் வேலை உங்களுடையது.

"நடுநிலை" என்ற திரை

கல்லூரியில் அரசியல் தத்துவம் படிக்கும் தோழர்கள் ஜான் ரால்ஸைக் கொண்டு வருவார்கள். 1971இல் வந்த நீதிக் கோட்பாட்டில் அவர் சொன்னது இது: நீ யார், எந்த வர்க்கம், எந்த நிறம் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று சட்டம் எழுது, அப்போது யாருக்கும் அநீதி நடக்காதபடி எழுதுவாய். அழகான சிந்தனை. நான் எங்கே பிறப்பேன் என்று தெரியாவிட்டால் சேரியை வைத்திருக்க யார்தான் துணிவார்கள்?

ஆனால் கறுப்பினத் தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ் இதைச் சரியாகவே மறித்தார். அநீதி இல்லாத ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினால், இருக்கும் அநீதியைச் சரிசெய்யும் கேள்வியே எழாமல் போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் அனுபவமும் அதையே சொல்கிறது. இரட்டைக் குவளை என்று ஒன்று இருக்க முடியும் என்பதே, அதில் குடிக்காதவருக்குத் தோன்றாது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் பிணத்தோடு வரப்பில் நடக்காதவர், தன் கற்பனை நாட்டில் சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு வரி எழுத மாட்டார். நமக்கு வேண்டியது மறதி அல்ல, ஞாபகம். நாம் யார் என்று தெரிந்தே, நமக்கு என்ன நடந்தது என்று தெரிந்தே எழுத வேண்டும்.

இன்னொரு மறுப்பும் வரும்: "சட்டத்தால் மனதை மாற்ற முடியுமா?" முடியாமல் இருக்கலாம். டீக்கடைக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்பது நமக்கு இரண்டாவது பிரச்சினை. எல்லோருக்கும் ஒரே குவளையில் கொடுக்கிறாரா என்பதுதான் முதல் பிரச்சினை. ஒரே குவளையில் குடித்து வளரும் பிள்ளைகளின் மனம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் முன்வைக்கும் ஐந்து பிரிவுகள்

விமர்சனம் மட்டும் செய்துவிட்டுப் போவது நியாயமில்லை. எங்கள் கற்பனை நாட்டின் சட்டத்தில் இந்த ஐந்தும் இருக்கும். அடியுங்கள், திருத்துங்கள், கூட்டுங்கள்.

1. அரசுப் பணத்தில் கட்டப்படும் தொட்டி, பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சுடுகாடு எதுவும் சாதிவாரியாகப் பிரியாது. திட்ட மதிப்பீட்டில் கையெழுத்திடும் பொறியாளரே, இது எல்லாத் தெருவுக்கும் பொதுவானது என்று எழுதிக் கையெழுத்திடுவார். பொய்யென்றால் பொறுப்பும் அவருடையது.

2. காலக்கெடு தவறினால், அடுத்த நாளே விசாரணை தானாக வேறு மாவட்ட அதிகாரியிடம் போகும். தவறவிட்டவர் ஏன் என்று பாதிக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கே வந்து எழுத்தில் விளக்கம் கொடுப்பார்.

3. அதிகாரியின் கடமைத் தவறை அவர் துறை விசாரிக்காது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களைப் பாதிக்குக் குறையாமல் கொண்ட தனி அமைப்பு விசாரிக்கும்.

4. புகார் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரை அந்தக் குடும்பத்துக்கு அரசு வேலையும் கூலியும் உறுதி. புறக்கணிப்பு நிரூபணமானால், புறக்கணித்தவர்கள் அனுபவிக்கும் அரசுக் குத்தகையும் ஒப்பந்தமும் ரத்து.

5. நிலமற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெண்ணின் பெயரில் விளைநிலம். 10 ஆண்டுக் கெடு. அண்ணல் வைத்த அதே கெடு.

இவை நடக்காத காரியங்கள் என்று தோன்றலாம். புறக்கணிப்பைக் குற்றமாக்குவதும் 1947இல் நடக்காத காரியமாகத்தான் தோன்றியிருக்கும்.

இப்போது எழுதப்படும் ஒரு சட்டம்

இதெல்லாம் பயிற்சிக்காக மட்டும் அல்ல. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதற்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபர் 17 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தது. உடுமலை சங்கர் வெட்டப்பட்ட 2016க்கும் முன்பிருந்தே இயக்கங்கள் கேட்டுவந்த சட்டம் இது. உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சிலேயே, மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் என்று வழிகாட்டியிருந்தது.

இந்தச் சட்டம் வரும்போது முதல் பிரிவு நன்றாகத்தான் இருக்கும். 'வயது வந்த இருவர் தாம் விரும்பியவரை மணக்கலாம்' என்று இருக்கும். கைதட்டுவோம். அதோடு நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு உட்காருவோம். வரைவை எழுதியவர்களில் சாதி மறுப்பு மணம் செய்து தப்பிப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? பாதுகாப்புக் கேட்ட இணையருக்கு எத்தனை மணி நேரத்தில் பாதுகாப்பு? பெண்ணைப் பெற்றோரிடம் 'ஒப்படைத்து' அனுப்பும் காவல் அதிகாரிக்கு என்ன தண்டனை? ஊரை விட்டு வந்த இருவர் ஆறு மாதம் எங்கே தங்குவார்கள், எதைச் சாப்பிடுவார்கள்?

உங்கள் கல்லூரியில், விடுதியில், படிப்பு வட்டத்தில் இந்த நான்குக்கும் பதில் எழுதுங்கள். பிரிவு, உட்பிரிவு, நாள், தொகை என்று எழுதுங்கள். எழுதியதை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள், நாளிதழ்களுக்கு அனுப்புங்கள், தெருக்கூட்டங்களில் வாசியுங்கள். ஒரு சட்டம் எழுதப்படும் காலத்தில் நம் தெரு வாய்மூடி இருந்தால், அந்தச் சட்டத்தில் நம் தெரு இருக்காது.

ஜெய் பீம்.